ஷெல் ஸ்கிரிப்டில் கலர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் சித்தப்பாவுக்காக, தினமும் விடியற்காலையில் கடல் காற்றின் வேகத்தை எடுத்துத் தரும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் நிரல்) ஒன்று எழுதினேன். காற்று கூடினால் வரி மஞ்சளாகவோ சிவப்பாகவோ வரும். ஒரு வாரம் கழித்து, வெளியீடு சேரும் லாக் கோப்பைத் திறந்தால், வரிக்கு வரி முன்னால் ‘^[[31எம்’, பின்னால் ‘^[[0எம்’. வரியின் தொடக்கத்தை வைத்து கிரெப் என்ற தேடல் கட்டளையில் தேடியது எதுவும் சிக்கவில்லை.

கலர் என்பதும் எழுத்துகள்தான். எஸ்கேப் எழுத்து (லாக்கில் ‘^[’ என்று தெரிவது), அதாவது ஆக்டல் எனும் எட்டடிமான முறையில் 033, பிறகு ஒரு சதுர அடைப்புக்குறி, ஓர் எண், கடைசியில் எம். டெர்மினல், அதாவது கட்டளை தட்டும் திரை, அதை விழுங்கிவிட்டு நிறத்தை மாற்றும். கோப்பு அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று ‘-டி 1’ சோதனையால் பார்த்து (1 என்பது வழக்கமான வெளியீட்டு வழி), இல்லையென்றால் கலர் குறியீடுகளை வைத்திருக்கும் மாறிகளைக் காலியாக விடுங்கள். பிழைச் செய்தி போவது 2ஆம் வழியில். அதற்கு 2ஐத்தான் சோதிக்க வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். நோ_கலர் என்ற சூழல் மாறியில் ஏதாவது இருந்தாலும் நிறத்தை நிறுத்திவிடுங்கள்.

அச்சிட ‘எக்கோ -இ’ கட்டளை வேண்டவே வேண்டாம். பாஷ் என்ற ஷெல்லில் ஒழுங்காக ஓடும். உபுண்டு லினக்ஸில் எஸ்ஹெச் என்று ஓட்டினால் வருவது டேஷ் என்ற வேறு ஷெல். அங்கே அந்த ‘-இ’யும் சேர்ந்தே அச்சாகும். பதிலாக பிரிண்ட்எஃப் கட்டளை போடுங்கள், ஆனால் எப்படி அச்சிட வேண்டும் என்று சொல்லும் அதன் வடிவச் சரத்துக்குள் செய்தியைத் திணிக்காதீர்கள். ‘ஈரப்பதம் 85%’ என்று வந்த அன்று என் ஸ்கிரிப்ட் அந்தச் சதவீதக் குறியில்தான் தடுக்கி விழுந்தது. செய்தியைத் தனியாக, ‘%எஸ்’ வழியாகக் கொடுங்கள்.

முடிவில் நிறத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் 0 குறியீட்டைப் போட மறந்தால், அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் ப்ராம்ப்ட்டும் சிவப்பாகவே நிற்கும். நடுவில் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் அதே கதி. ஸ்கிரிப்ட் நிற்கும்போது ஒரு கட்டளையை ஓட்டும் ட்ராப் வைத்து மீட்டுவிடலாம்.

எனக்கு மிகவும் உறுத்தியது வேறொன்று. படகுத்துறை வெயிலில், வெள்ளைப் பின்னணித் திரையைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். “தம்பி, இந்த எடத்துல ஒண்ணுமே தெரியலயே?” என்றார். அவர் விரல் வைத்த இடத்தில் 33ஆம் எண் மஞ்சளில் எச்சரிக்கை வரி இருந்தது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் உண்டு. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் பகலில் அது வெறும் வடிவம், இரவில் சிவப்பு வெள்ளை விளக்கு, ஆனால் கரையில் எல்லோரும் கேட்பது “எத்தனாம் நம்பர் கூண்டு?” என்றுதான். இப்போது என் வரி ‘எச்சரிக்கை:’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. நிறம் அதற்கு மேல்தான். லாக்கில் அந்தச் சொல்லைத் தேடினால் காற்று கூடிய நாள்கள் அத்தனையும் வந்துவிடுகின்றன.