இத்தாலிய மூதாதையரின் பிறப்புப் பதிவு: திருமண ஆவணக் கட்டுகளிலும் தேடுங்கள்

முதலில் ஊர்ப் பெயரை உறுதிசெய்துகொள்ளுங்கள். குடும்பத்தில் ‘நேப்பிள்ஸ்’ என்று சொல்லிவருவது சில நேரங்களில் கப்பல் ஏறிய துறைமுகமாக மட்டுமே இருக்கும். பதிவேடுகளோ ‘கொமூனே’ எனும் உள்ளாட்சி வாரியாக இருக்கின்றன. தென் இத்தாலியில் 1809 முதலும் சிசிலியில் 1820 முதலும் அரசுப் பதிவு உண்டு. வடக்கில் பல பகுதிகளில் 1866-க்கு முன்பு என்றால் தேவாலய ஞானஸ்நான ஏடுகள்தான் கதி. அரசு ஆவணக் காப்பகங்களின் ‘அன்தெனாத்தி’ இணையதளத்தில் ஏராளமான பதிவேடுகளை இலவசமாகப் பார்க்கலாம். பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், அந்த ஆண்டுப் பதிவேட்டின் கடைசியில் பெயர் அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியும் அகப்படவில்லையா? திருமணத்தின்போது மணமக்கள் தாக்கல் செய்த ஆவணக் கட்டைத் தேடுங்கள், ‘அல்லெகாத்தி’ என்பார்கள். பெரும்பாலும் இருவரின் பிறப்புச் சான்று நகலும் அதில் இருக்கும். தெற்கில், பெற்றோர் இறந்திருந்தால் அவர்களின் இறப்புச் சான்றும் சேர்ந்தே கிடைக்கக்கூடும்.