மட்டையைப் பறித்தால் படிப்பு வந்துவிடுமா?

"மதிப்பெண் குறைந்துவிட்டது. ஒரு மாதம் ஆடுகளத்துப் பக்கம் வராதே." விளையாட்டையும் படிப்பையும் சேர்த்துக் கற்றுத்தரும் திட்டங்களில் என்னை மிகவும் வருத்துவது இந்தத் தண்டனைதான். கணக்கில் தடுமாறும் பிள்ளையை ஆடுகளமும் வகுப்பும் இருக்கும் கட்டடத்துக்கு வரவழைப்பதே மட்டைதான். அதைப் பிடுங்கினால் ஆட்டத்தோடு வகுப்பும் போய்விடும். நேரத்தை மாற்றிக் கொடுங்கள். அந்த வாரம் கணக்கு ஆசிரியரோடு அரை மணி கூடுதலாக உட்காரட்டும், பிறகு ஆடட்டும். கதவை மட்டும் சாத்தாதீர்கள்.

விளையாட்டோடு படிப்பைச் சேர்க்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் 1969இல் நண்பர்களுடன் சேர்ந்து வசதி குறைந்த சிறுவர்களுக்காக டென்னிஸ் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் கல்வியும் அதன் பெயரிலேயே இடம்பிடித்தது. 1996இல் பாஸ்டனில் 'ஸ்குவாஷ்பஸ்டர்ஸ்' என்ற அமைப்பு, நான்கு சுவருக்குள் மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷையும் பாடத்தையும் ஒரே மாலைக்குள் கொண்டுவந்தது. 1999இல் நியூயார்க்கின் ஹார்லெமில் 'ஸ்ட்ரீட்ஸ்குவாஷ்' பிறந்தது.

ஸ்குவாஷ் இதற்குப் பொருந்தி வருவதற்கு ஆடுகளமே ஒரு காரணம். 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். ஆட்டத்தில் இருவருக்குத்தான் இடம். பாதிப் பேர் உள்ளே ஆடும்போது மீதிப் பேர் வகுப்பில் இருப்பார்கள், பிறகு இடம் மாறுவார்கள். இந்தக் கணக்கை மறந்து நான்கு ஆடுகளத்துக்கு நூறு பிள்ளைகளைச் சேர்ப்பது அடுத்த தவறு. அறிக்கையில் எண்ணிக்கை அழகாக இருக்கும். பிள்ளைகளோ சுவரோரம் வரிசையில் காத்திருப்பார்கள்.

பந்து சின்ன விஷயம்தான், ஆனால் பிள்ளைகளை விரட்டிவிடும். இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து போட்டிக்கு உரியது. அடித்து அடித்துச் சூடேறினால்தான் எழும்பும். முதல் நாள் பிள்ளையின் அடியில் அது சுவரைத் தொட்டுத் தரையில் செத்து விழும். நான்கு முறை குனிந்து எடுத்தவன் ஐந்தாம் முறை கதவைப் பார்ப்பான். பெரிய, நன்றாகத் துள்ளும் பந்தில் தொடங்குங்கள்.

வகுப்பறையில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டுப்பாடம் முடிந்தால் படிப்பு உதவி முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஏழாம் வகுப்பு மாணவி இயற்கணிதத்தில் திணறுகிறாள். தன்னார்வலர் விடையைச் சொல்லிக்கொடுக்கிறார், நோட்டு நிரம்புகிறது. அவளுக்குத் தெரியாதது ஐந்தாம் வகுப்புப் பின்னம். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டால், எண்ணைப் பார்த்து நான்கைத்தான் காட்டுவாள். சேரும்போதே அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்க வேண்டும்.

தன்னார்வலர் மாதந்தோறும் மாறினால் இதுவும் நடக்காது. பிள்ளை ஒவ்வொரு முறையும் புதிய முகத்திடம் தன் அறியாமையை முதலிலிருந்து ஒப்புக்கொள்ள நேரிடும். சில மாதங்களில் "எல்லாம் புரிகிறது" என்று சொல்லப் பழகிவிடும்.

சேர்க்கும்போது வேகமாக ஓடுபவனைத் தேடாதீர்கள். தவறாமல் வருகிறவளைத் தேடுங்கள். கோப்பை வெல்வோரை மட்டும் பயிற்சியாளர் கொண்டாடினால், மற்றவர்களுக்குத் தங்கள் இடம் எதுவென்று உடனே புரிந்துவிடும்.

பள்ளி இறுதியோடு கைகழுவுவதும் தவறுதான். கல்லூரியின் முதல் ஆண்டில் உதவித்தொகைப் படிவத்தை எங்கே கொடுப்பது, தோற்ற பாடத்தை எப்படித் திரும்ப எழுதுவது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகள் பலர். அவர்கள் அழைக்கும்போது, பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொள்ளும் ஒருவர் தொலைபேசியை எடுக்க வேண்டும்.