சமூக உளவியலில் முதல் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் உளவியல் படிக்கும் முதலாண்டு மாணவர்களின் ஆய்வறிக்கைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் விழுந்த குழிகளிலேயே இவர்களும் வந்து விழுகிறார்கள். மாதிரி சிறியது, அட்டவணைக்குத் தலைப்பு இல்லை என்பதையெல்லாம் பாடநூலே சொல்லிவிடும். அவற்றை விடுகிறேன்.

தானாகச் சேர்ந்த கூட்டத்தை வைத்துக் காரணம் சொல்வது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். தைப்பூசம் முடிந்த கையோடு ஒரு மாணவர் குழு வந்தது. கோவில் வாசலில் நின்று, காவடி எடுத்தவர்களுக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்திருந்தார்கள். பிறருக்கு உதவும் மனப்பான்மையில் காவடி எடுத்தவர்களுக்கு மதிப்பெண் கூடுதல். உடனே எழுதிவிட்டார்கள்: "காவடி எடுப்பது உதவும் குணத்தை வளர்க்கிறது." வெயிலில் நின்று பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வரியில் பாழ்.

காவடி எடுத்தவர் யார்? நேர்ந்துகொண்டு, கொடியேற்றம் முதல் விரதம் இருந்தவர். சின்ன வயதிலிருந்தே கோவிலில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறிப் பழகியவராக இருக்கலாம். பார்க்க வந்தவர் பக்கத்துத் தெருவிலிருந்து எட்டிப் பார்த்தவராக இருக்கலாம். முதுகில் வேல் குத்துவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே அந்த வித்தியாசம் இருந்திருக்கலாம் அல்லவா?

சோதனை என்றால் யார் எந்தப் பிரிவு என்பதை ஆய்வாளர் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும். அப்போதுதான் பக்தி, வயது, வருமானம், வளர்ப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவும். காவடியைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.

மானுடவியலாளர் டிமிட்ரிஸ் சைகலாடாஸின் குழு நம் மொரீஷியஸ் காவடியை வைத்தே செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் படியுங்கள். பங்கேற்றவர்களுக்கு 200 ரூபாய் கொடுத்து, அதில் விரும்பியதைப் பெயர் தெரியாமல் கோவிலுக்குப் போடச் சொன்னார்கள். கூட்டு வழிபாட்டுக்கு வந்தவர்களைவிடக் காவடிக்கு வந்தவர்கள் அதிகம் போட்டார்கள். வலி அதிகம் என்று சொன்னவர்கள் இன்னும் அதிகம். காவடி எடுக்காமல் உடன் நடந்தவர்களும் தாராளமாகவே கொடுத்தார்கள். "உதவுவீர்களா?" என்ற கேள்விக்குப் பதிலாகப் போட்ட பணத்தை எண்ணியது அந்த ஆய்வின் பலம். ஆனால் அங்கேயும் யாரும் சீட்டுக் குலுக்கிக் காவடி எடுக்கவில்லை. எனவே அந்த முடிவையும் அந்த எல்லைக்குள் நின்றுதான் வாசிக்க வேண்டும்.

உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. கொடியேற்றத்துக்கு முன் ஒருமுறை, காவடி இறக்கிய பின் ஒருமுறை, அதே ஆட்களை அளவிடுங்கள். எடுக்காதவர்களையும் அதே இரண்டு முறை அளவிடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் "தொடர்பு இருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆஷின் மூன்றில் ஒரு பங்கு

1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு கோட்டுச் சோதனை நடத்தினார். எந்தக் கோடு சம நீளம் என்று கேட்கும்போது, ஆய்வாளர் முன்பே ஏற்பாடு செய்த கும்பல் வேண்டுமென்றே தவறான விடை சொல்லும்; விவரம் தெரியாத ஒருவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பார்கள். இதை "மூன்றில் ஒருவர் கும்பலோடு போவார்" என்று எழுதுகிறார்கள். தவறு. தவறான விடையைக் கும்பல் ஒருமித்துச் சொன்ன சுற்றுகளில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகள் அதற்கு இணங்கின. எண்ணியது விடைகளை, ஆட்களை அல்ல. ஒருமுறையாவது இணங்கியவர்கள் முக்கால்வாசிப் பேர். ஒருமுறைகூட இணங்காதவர்கள் ஏறத்தாழ கால்வாசி. அந்தக் கால்வாசியைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.

38 சாட்சிகள்

1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டதை 38 பேர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பத்திரிகை ஊதிப் பெருக்கிய கதை. உடன் ஆட்கள் இருப்பதாக நினைத்தவர்கள் உதவிக்கு வருவது குறைந்தது என்று காட்ட, உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேயும் 1968இல் வெளியிட்ட சோதனையைச் சொல்லுங்கள், போதும்.

ஒரே கேள்வியில் இரண்டு

"கோவிலுக்கும் தமிழ் வகுப்புக்கும் தவறாமல் போவீர்களா?" ஒன்றுக்கு மட்டும் போகிறவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்?

வினாத்தாளின் மொழி

வீட்டில் கிரியோல் பேசுகிறவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டாதீர்கள். கிரியோலில் எழுதி, முதலில் உங்கள் பாட்டியிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் "என்ன கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேட்கும் இடமெல்லாம் மாற்ற வேண்டிய இடம்.

ஒப்புதல்

நாக்கில் வேல் குத்தி ஊர்வலத்தில் வருகிறவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அவர் தலையாட்டினால் அது ஒப்புதல் ஆகாது. விரதம் தொடங்கும் முன்பே போய்ப் பேசி, கையெழுத்து வாங்குங்கள். விலகிக்கொள்ளலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.