ஈரல் கேன்சர் ஒப்பரேஷனுக்குப் பிறகு என்ன செய்யணும், ஜீன் டெஸ்ட் தேவையா

கொழும்புல ஒப்பரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்செண்டா முதல் வேலை ஹிஸ்டொலொஜி ரிப்போர்ட்ட, அதாவது வெட்டி எடுத்த கட்டிய மைக்ரோஸ்கோப்புல பார்த்து எழுதின ரிப்போர்ட்ட, கேட்டு வாங்குறது, டிஸ்சார்ஜ் கார்ட் மட்டும் காணாது. ரிப்போர்ட் இங்கிலீஷ்ல இருக்கும், அதுல மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன் எண்ட வரியத் தேடுங்க. வெட்டி எடுத்த கட்டியில சின்ன ரத்தக்குழாய்களுக்குள்ள கேன்சர் செல் போயிருந்ததா எண்டு அது சொல்லும், போயிருந்தா திரும்ப வாற சான்ஸ் கூட, அதனால ஸ்கேன் எத்தனை மாசத்துக்கு ஒருக்கா எண்டு சர்ஜன்கிட்ட நேராவே கேளுங்க. மகரகம கேன்சர் ஆஸ்பத்திரி போனாலும் கொழும்பு பெரியாஸ்பத்திரி போனாலும் சிங்களம் நல்லா கதைக்கிற ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க, அவசரத்துல சொல்றது பாதி விளங்காமப் போயிடும்.

இந்தக் கேன்சர் வெட்டி எடுத்த பிறகும் 5 வருஷத்துக்குள்ள 70 வீதம் வரைக்கும் ஆக்களுக்குத் திரும்ப வருது, பயமுறுத்தச் சொல்லல, செக்கப்ப விட்டுடக் கூடாதெண்டுதான் சொல்றன். முதல் 2 வருஷத்துக்குள்ள வாறது பெரும்பாலும் பழைய கட்டியில இருந்து ஏற்கனவே பரவின செல், அதுக்குப் பிறகு வாறது அநேகமா கெட்டுப்போன மிச்ச ஈரல்ல புதுசா முளைக்கிறது.

இப்ப ஜீன் விஷயம். உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் ஒரே ஜீன்கள்தான், எது எவ்வளவு வேலை செய்யுது எண்டதுதான் ஜீன் எக்ஸ்பிரஷன். 2003ல வந்த ஒரு ஆய்வுல பரவுற கட்டிகள்ல ஒஸ்டியோபொன்டின் எண்ட ஜீன் கூடுதலா வேலை செய்றதக் கண்டாங்க, பரவுற குணம் முதல் கட்டியிலயே இருக்கெண்டும் தெரிஞ்சுது. 2008ல இன்னொண்டு, மெழுகுல பதப்படுத்தி வருஷக்கணக்கா வச்சிருந்த சாம்பிள்கள எடுத்துப் பார்த்தா நோயாளியோட எதிர்காலத்தச் சொன்னது கட்டி இல்ல, பக்கத்துல இருந்த ஈரல்ல 186 ஜீன்கள் வேலை செஞ்ச விதம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாத் தெரியுது, ஏனெண்டா கட்டி போனாலும் அந்த ஈரல் நம்மளோடதான் இருக்கு.

ஆனா இந்த ஜீன் டெஸ்ட் கிளினிக்ல வழமையாச் செய்றதில்ல, யாராவது காசு கட்டச் சொன்னா ரிசல்ட்டால சிகிச்சை மாறுமா எண்டு முதல்ல கேளுங்க, மாறாதெண்டா அந்தக் காசு ஸ்கேனுக்கு இருக்கட்டும். முதல் 2 வருஷம் 3 இல்லாட்டி 4 மாசத்துக்கு ஒருக்கா சிடி அல்லது எம்ஆர்ஐ, கூடவே ஏஎஃப்பி ரத்த டெஸ்ட் (ஈரல் கேன்சர்ல கூடக்கூடிய ஒரு புரதத்த அளக்கிறது), அதுல வாற பழைய நம்பரையும் புது நம்பரையும் ஒரே கொப்பியில எழுதுங்க.

இலங்கையில இந்த நோய்க்குப் பின்னால ஹெபடைடிஸ் பியை விட கொழுப்பு ஈரல்தான் கூட, அதனால சீனி வருத்தத்தக் கட்டுப்பாட்டுல வச்சு உடம்பு எடையக் குறைச்சு சாராயத்த முழுசா விடணும், பி இருந்தா வைரஸ் மருந்த நீங்களா நிப்பாட்ட வேணாம். கிளினிக் திகதி தவறிட்டா அடுத்த நாளே போய்ப் புதுத் திகதி எடுங்க.