மாற்றியமைத்த பழைய ஜீப்புக்கு ரீகால் வேலை: மலையிறங்கும் முன் செய்ய வேண்டியவை

நீலகிரியில் ஓடும் பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் பல, சமவெளியில் சில ஆண்டுகள் ஓடிய பிறகு இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ மலையேறியவை. ஒரு பாகத்தில் பாதுகாப்புக் குறை இருப்பதைக் கண்டறிந்து, அதை இலவசமாக மாற்றித் தருவதற்காகத் தயாரிப்பு நிறுவனம் அனுப்பும் ரீகால் கடிதமோ, நிறுவனத்தின் ஏட்டில் உள்ள பழைய முகவரிக்கே போகிறது. கோத்தகிரியில் நான் வாங்கிய வண்டிக்கான கடிதம், முதல் உரிமையாளர் என்றோ காலி செய்துவிட்ட சென்னை வீட்டுக்குப் போயிருந்தது என்பது நானே விசாரித்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே கடிதம் வராததை வைத்து, வண்டியில் குறையில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

முதலில் சேஸ் எண்ணை, அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தில் பொறித்த அடையாள எண்ணை எடுங்கள். ஆர்.சி.யில் இருப்பதை மட்டும் நம்பாமல், சேஸில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டச் சேறும் அடிப்பூச்சும் அதை மூடியிருந்தால் துணியாலும் மென்மையான பிரஷ்ஷாலும் துடைக்கலாம். கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் எண்ணே அழிந்து, அதுவே சட்டச் சிக்கலாகிவிடும். 17 இலக்கமுள்ள சேஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வருவதில்லை என்பதால், அவைபோலத் தெரிபவற்றை 1 என்றும் 0 என்றும் படிக்க வேண்டும். இந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். அங்கே விடை கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள்.

சர்வீஸ் சென்டர் வரவேற்பில் "வாரன்டி முடிந்துவிட்டதே" என்று சொல்லக்கூடும். வாரன்டி வேறு, ரீகால் வேறு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவும், 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் ரீகாலைக் கட்டாயமாக்கின. அந்த விதிகள் 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கானவை. ஆனால் அதற்கு முன்பே, 2012 முதல், வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் தன்னார்வ நெறிமுறையின்படி நிறுவனங்கள் தாமாகவே ரீகால் அறிவித்து வந்துள்ளன. பழைய வண்டிக்கு அப்படி அறிவித்த வேலை இன்னும் செய்யப்படாமல் இருக்கிறதா என்பதையே நீங்கள் கேட்க வேண்டும்.

பழைய வண்டிகளில் மிகவும் கவலைக்குரியது ஏர்பேக். தகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில் (ஏர்பேக்கை ஊதிப் பெருக்கும் கருவிகளில்) இருந்த அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, விபத்தின்போது மிகுந்த வேகத்தில் எரிந்து, உலோகக் கூட்டையே உடைத்துத் துண்டுகளை முகத்தை நோக்கி வீசியது. உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஊட்டிக் குளிரில் இருக்கும் வண்டிக்கு இந்த ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். அது முதல் பத்து ஆண்டுகளைக் கடற்கரை ஊரின் வெயிலில் கழித்திருந்தால், அந்தச் சேதம் வண்டியோடுதான் மலையேறியிருக்கும்.

அடுத்து, வண்டியில் செய்த மாற்றங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ரீகால் பாகத்தைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி. சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் கூரைக் கேரியரும் ஏர்பேக் வேலைக்குக் குறுக்கே வருவதில்லை. வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்திய ஸ்டியரிங் வீல் நேராகவே குறுக்கே வரும், ஏனெனில் மாற்ற வேண்டிய ஏர்பேக் அந்த வீலோடு போய்விட்டது. பழைய வீல் வீட்டுப் பரணில் கிடந்தால் அதைப் பிரிக்கவோ மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கவோ கூடாது. அது இருக்கிறது என்று சர்வீஸ் சென்டருக்குச் சொல்லி, அவர்கள் சொல்லும் முறையில் கொண்டுபோங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் முந்தைய உரிமையாளர் பல்பைக் கழற்றியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும் ஏர்பேக் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது; அதன் இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்து விளக்கை ஏமாற்றுவோரும் உண்டு.

பிரேக் ஹோஸ், அதாவது சக்கரத்துக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுசெல்லும் வளையும் குழாய், தொடர்பான ரீகாலில் இதைவிட நுட்பமான ஆபத்து உள்ளது. லிஃப்ட் கிட் போட்டு உயர்த்திய வண்டிகளில் நீளமான ஹோஸைப் பொருத்தியிருப்பார்கள். நிறுவனம் தருவதோ கம்பெனி அளவு ஹோஸ். அதை அப்படியே மாட்டினால், சமதளத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். காட்டுப்பாதைப் பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஹோஸ் விறைத்து இழுபடும், நாளடைவில் அறுந்தும் போகலாம். ஆகவே இந்த வேலைக்கு முன் சஸ்பென்ஷனைக் கம்பெனி உயரத்துக்கே இறக்கிவிடுவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. முன்பக்க பம்பருக்கு முன் பொருத்தும் இரும்புக் கம்பித் தடுப்பான புல் பார் கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அது ஏர்பேக் சென்சாருக்குச் சேரும் மோதலின் தன்மையையும் மாற்றக்கூடியது என்பதால் அதையும் கழற்றிவிடுங்கள்.

பாகம் வந்து சேர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகே நாள் குறியுங்கள். டயரின் அளவையும் வண்டியின் மொத்த உயரத்தையும் முன்கூட்டியே சொன்னால், அவர்களின் லிஃப்ட்டில் ஏறுமா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். வேலை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ என்றால், குன்னூர் வழியாகப் போனால் 14 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியாக வேண்டும். ரீகால் பிரேக்கையோ ஸ்டியரிங்கையோ பற்றியதாக இருந்தால் வண்டியை ஓட்டிச் செல்லாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். அந்தச் செலவை நிறுவனம் ஏற்குமா என்றும் கேளுங்கள். நீலகிரிப் பதிவான டி.என். 43 அல்லாத வேறு பதிவெண் கொண்ட வண்டியானால், திரும்பி மலையேறும்போது இ-பாஸ் (இணையத்தில் பெறும் நுழைவு அனுமதி) கேட்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் வண்டியை முதல் முறை ஒரு சர்வீஸ் சென்டர், "ஆல்டர் செய்த வண்டி" என்ற ஒற்றை வார்த்தையில் திருப்பி அனுப்பியது. எந்த மாற்றம் எந்த வேலையைத் தடுக்கிறது என்று ஜாப் கார்டிலேயே எழுதித் தரும்படி பணிவாகக் கேட்ட பிறகு, ஸ்டியரிங் வீலை மட்டும் மாற்றி வந்தால் போதும் என்றார்கள். எழுதித் தரவும் மறுத்தால் சேஸ் எண்ணோடு நிறுவனத்தின் தலைமையிடத்துக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வேலை முடிந்ததும் ரீகால் எண்ணும் புதிய பாகத்தின் எண்ணும் பில்லில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலையேறும் முன், சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைப் பல முறை அழுத்திச் சோதியுங்கள். சக்கரங்களைக் கழற்றியிருந்தால் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். புறப்படும் முன், நிறுவனத்தின் ஏட்டில் பழைய உரிமையாளரின் பெயரை நீக்கி உங்கள் பெயரையும் முகவரியையும் பதியச் சொல்லுங்கள். பில்லை ஆர்.சி.யோடு சேர்த்து வைத்திருந்து, என்றாவது வண்டியை விற்றால் வாங்குபவரிடம் அதையும் கொடுத்துவிடுங்கள்.