பாதி வெற்றி, பாதி தோல்வி: பயிற்சியாளரை எடுக்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

மார்ச் வந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு பக்கம் தேசியப் போட்டி, இன்னொரு பக்கம் பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்புவதும் புதியவரைத் தேடுவதும். பெரிய பெயர்கள் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் கிடைக்காது. மிச்சம் இருப்பவர்களின் வெற்றி-தோல்விக் கணக்கு ஏறுக்குமாறாகத்தான் இருக்கும்.

அந்தக் கணக்கின் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பதுதான் பெரிய தவறு. 1980இல் டியூக் பல்கலைக்கழகம் 33 வயது மைக் ஷஷெஃப்ஸ்கியை (பின்னாளில் கல்லூரிக் கூடைப்பந்தின் மாபெரும் பயிற்சியாளர்களில் ஒருவர்) எடுத்தபோது, வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் ஐந்து ஆண்டுகளில் அவர் கணக்கு 73 வெற்றி, 59 தோல்வி. கடைசி ஆண்டு 9–17. பெயரை எழுதவே பலருக்கும் வராது. ‘இது அச்சுப்பிழை அல்ல’ என்று மாணவர் நாளிதழ் தலைப்பிலேயே போட்டது. ஆனால் அந்த 73ஐ ஆண்டுவாரியாகப் பிரித்தால் 11, 20, 19, 14, 9. அவர் வருவதற்கு முந்தைய ஆண்டு அந்த அணி ஜெயித்தது மூன்றே ஆட்டம். பட்டம் வாங்கியதும் ராணுவத்தில் சேர்ந்தே ஆக வேண்டிய இடத்துக்கு, தொழில்முறை லீகான என்பிஏ கனவோடு இருக்கும் உயரமான பையன் எவன் வருவான்? அங்கே மூன்றை இருபதாக்கிய ஆள் இவர். டியூக்கின் விளையாட்டுத்துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் கடைசி வரியோடு நின்றிருந்தால் அவரைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்.

அதற்காக, 9–17 உள்ள ஒவ்வொருவரும் அடுத்த ஷஷெஃப்ஸ்கி என்று கிளம்புவதும் தப்பு. அதே மாதிரிக் கணக்கோடு வந்து காணாமல் போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

‘நம்ம வீட்டுப் பிள்ளை’ மயக்கம் இன்னொன்று. 1984இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு வீரராகக் கோப்பை வாங்கித் தந்த பேட்ரிக் யூயிங், எங்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததே இல்லாமல் 2017இல் அங்கே பொறுப்பேற்றார். 2021 மார்ச்சில் ஒரு நல்ல வாரம் அமைந்து, ஜார்ஜ்டவுன் ஆடும் லீகான பிக் ஈஸ்டின் பட்டம் கிடைத்தது. அடுத்த பருவத்தில் அதே பிக் ஈஸ்டில் 0–19. ஆறு ஆண்டு முடிவில் 75–109. ஒரு வாரத்து ஆட்டத்தை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது.

கணக்கு சுத்தமாக இருந்தாலும் காசை முன்கூட்டியே கொட்டக் கூடாது. டேட்டன் பல்கலைக்கழகத்தில் 139–63 வைத்திருந்த ஆர்ச்சி மில்லர் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டில் எட்டியது 67–58. 2021இல் அவரை அனுப்ப ஒரு கோடி டாலருக்கு மேல் ஆனது. அப்படிப்பட்டவருக்கே இந்த நிலை என்றால், இரண்டும்கெட்டான் கணக்கோடு வருபவருக்கு ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுச் சம்பளம் உத்தரவாதம் என்பதை வக்கீலிடம் விட்டுவிட்டுப் போகலாமா?

அப்புறம், சான்றிதழ். 2014இல் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம் எடுக்கவிருந்த ஒருவர், சொன்ன பட்டத்தை முடிக்கவே இல்லை என்று கடைசி நேரத்தில் தெரிந்து வேலை கைநழுவியது. ஒரு போன் போட்டால் தெரிகிற விஷயம்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. எடுக்க நினைக்கும் பயிற்சியாளரே கொடுக்கும் பெயர்களைக் கூப்பிட்டால் புகழுரைதான் கிடைக்கும். அவர் அணியை விட்டுப் போன பையன்களைக் கூப்பிட வேண்டும். 2021 முதல் வீரர்கள் ஓர் ஆண்டு வெளியே உட்காராமலே கல்லூரி மாறலாம் என்றாகிவிட்டது. யார் போனார்கள், யார் தங்கினார்கள் என்பதும் இப்போது அவர் கணக்கில் சேர்த்தி.

எடுத்த பிறகு செய்யும் தவறும் உண்டு: அவசரம். டியூக்கில் ஷஷெஃப்ஸ்கியின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள் 10–17, 11–17. 1983இல் வர்ஜீனியாவிடம் 109–66 என்று அடி. அவரை அனுப்பச் சொல்லிப் பழைய மாணவர்கள் நச்சரித்தார்கள். பட்டர்ஸ் 1984 ஜனவரியில் அவருக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தார். அந்த 11–17 அணியில் முதலாண்டு மாணவர்களாக உதை வாங்கிய ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பைலஸ் மூவரும் 1986இல், தங்கள் நான்காம் ஆண்டில், 37 ஆட்டம் ஜெயித்துவிட்டுத் தேசிய இறுதிப் போட்டியில் லூயிவில்லிடம் மூன்று புள்ளியில் தோற்றார்கள்.