விசா மறுக்கப்பட்டு மறுபடி நேர்காணலுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு மூன்று பிள்ளைகளாவது ஃபைலோடு உட்கார்ந்திருப்பார்கள். கோபி, சத்தி, அந்தியூர், பவானிப் பக்கத்துப் பிள்ளைகள். அமெரிக்க மாணவர் விசாவுக்காகச் சென்னைக்குப் போய், ஒரு முறையோ இரண்டு முறையோ மறுக்கப்பட்டுத் திரும்பியவர்கள். நானும் இரண்டு முறை மறுக்கப்பட்டு மூன்றாவது முறை வாங்கியவன்தான். படிப்பை முடித்து ஊருக்கு வந்த பிறகு, தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார்கள். போன வாரம் வந்த அந்தியூர்ப் பையன் சொன்னது அச்சு அசலாக என் பழைய கதை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேரத்துக்குப் போவது, சட்டையை இஸ்திரி போடுவது, ஃபோனை உள்ளே எடுத்துப் போகாமல் இருப்பது இதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மறுப்புத் தாளைப் பணக்கணக்காகப் படிப்பது

மறுக்கும்போது கையில் தரும் தாளில் பெரும்பாலும் 214(பி) என்று இருக்கும். அது அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் ஒரு பிரிவு. விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு என்பது அதன் சாரம். எல்லோருக்கும் அதே அச்சடித்த தாள்தான். உங்களை எதனால் மறுத்தார்கள் என்பது அதில் இருக்காது.

நம் ஊரில் அதை வாங்கியவுடன் ‘சொத்து பத்தலை போல’ என்று முடிவு கட்டி ஆடிட்டரிடம் ஓடுகிறோம். பூர்வீக நிலம், தோட்டத்துச் சாளை, டவுனில் இருக்கும் வீட்டுமனை எல்லாவற்றையும் சேர்த்துக் கோடிக்கணக்கில் ஒரு சான்றிதழ் தயாராகிறது. பையன் தடுமாறியதோ வேறு இடத்தில். பி.காம். படித்துவிட்டு டேட்டா அனலிடிக்ஸ் ஏன் படிக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள், பதில் வந்திருக்காது.

மறுக்கப்பட்ட அன்றே, ஊருக்கு ரயில் ஏறும் முன், அதிகாரி கேட்டதையும் நீங்கள் சொன்னதையும் வார்த்தை பிசகாமல் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு வாரம் போனால் மனசு அதை மாற்றிவிடும்.

தாளில் 221(ஜி) என்று இருந்தால் அது வேறு. கூடுதல் ஆவணமோ சரிபார்ப்போ பாக்கி இருக்கிறது என்று பொருள். கேட்டதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். புது விண்ணப்பம் போடாதீர்கள்.

நேர்காணல் ஸ்லாட் கிடைத்தது என்று ஓடுவது

இத்தனை மாதம் கழித்துத்தான் வர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் புது டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், 185 டாலர் கட்டணம். அது திரும்பி வராது. 350 டாலர் செவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவர் பதிவுக்காக அமெரிக்க அரசு வாங்குவது) மட்டும், 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்குத் திரும்பப் போனால் மறுபடி கட்ட வேண்டியதில்லை. அதே படிவம், அதே பதில் என்று போனால் பணம்தான் போகும்.

போன முறை சொன்னதை மாற்றிச் சொல்வது

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான்.

எங்கள் அப்பா விவசாயி. ஏழு ஏக்கர். மஞ்சள், கொஞ்சம் தென்னை, நான்கு கறவை மாடு. முதல் முறை போனபோது யார் செலவு செய்கிறார் என்று கேட்டார்கள். அப்பா என்றேன். என்ன செய்கிறார்? விவசாயம். வருமானம் எவ்வளவு? அங்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் எனக்கே தெரியாது. மறுத்துவிட்டார்கள்.

கோயம்புத்தூரில் படிவம் நிரப்பித் தந்த ஆலோசகர் சொன்னார்: “விவசாயம்னு சொன்னா வேலைக்கு ஆகாதுங்க தம்பி. ரிட்டர்ன் தாக்கல் பண்றவங்க யாராச்சும் இருக்காங்களா?” திருப்பூரில் மாமா பனியன் கம்பெனி வைத்திருக்கிறார் என்றேன். “அப்ப அவர் பேரையே போட்டுடலாம்.” போட்டார். நான் படித்துப் பார்க்காமல் சரி என்றேன்.

இரண்டாவது முறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் திரையைப் பார்த்தார், ஏதோ தட்டினார், நிமிர்ந்து கேட்டார்: போன முறை உன் அப்பா பணம் கட்டுவதாகச் சொன்னாயே, இப்போது அவருக்கு என்ன ஆயிற்று?

என்னிடம் பதில் இல்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பாஸ்போர்ட் என் பக்கம் திரும்பி வந்துவிட்டது.

முதல் நேர்காணலில் நீங்கள் சொன்னது அந்தக் கவுண்டரோடு போய்விடுவதில்லை. அதிகாரி குறிப்பு எழுதிவைக்கிறார். அடுத்த முறை வேறொரு அதிகாரி அதையும் பழைய படிவத்தையும் திறந்து பார்க்க முடியும். பணம் கட்டுபவர் யார், உங்களுக்கு என்ன உறவு என்று படிவமே கேட்கிறது. பழையதில் தந்தை, புதியதில் உறவினர் என்றால் கேள்வி அங்கேதான் விழும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மைக்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

விவசாயம் ஒரு குறையே இல்லை. குறை, அதை விளக்கத் தெரியாததுதான். இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் ரிட்டர்னில் பெரிய தொகை இருக்காது. இதை ஒரே வாக்கியத்தில் இங்கிலீஷில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் ஆட்கள் மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, விலை வரும்வரை மூட்டையாக அடுக்கிவைத்திருப்பார்கள். விலை ஏறியதும் ஒரே மூச்சில் விற்பார்கள். பேங்க் ஸ்டேட்மென்டில் பல மாதம் ஒன்றுமில்லாமல் கிடந்து, திடீரென்று ஒரு நாள் லட்சக்கணக்கில் விழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, காட்டுவதற்காகக் கைமாற்று வாங்கிப் போட்ட பணம் போலத்தான் அது தெரியும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ சொசைட்டியிலோ ஏலம் முடிந்து கொடுத்த சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். விரலி மஞ்சள் எத்தனை குவிண்டால், என்ன விலை, எந்தத் தேதி என்று அதில் இருக்கும். சிட்டா, அடங்கல், பால் சொசைட்டிக் கணக்கும் சேரட்டும். அதிகாரி ஃபைலைக் கேட்காமலே போகலாம், பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனாலும் அந்தச் சீட்டைப் படித்தவன் வாயில் எண் தடுமாறாது.

மூன்றாவது முறை அப்பா பெயரையே போட்டேன். வங்கிக் கடன் ஒப்புதல் ஒரு பகுதி, மீதி அப்பாவின் சேமிப்பு. அமெரிக்கக் கல்லூரி செலவுக் கணக்கோடு அனுப்பும் ஐ-20 தாளில் இருந்த தொகையோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டேன். முந்தின நாள் இரவு அப்பா ஒன்றுதான் சொன்னார். “நம்ம காட்டுல வெளைஞ்சத வித்துப் படிக்க வெக்கறதுல என்ன கண்ணு கொறச்சல்?”

மறுப்பையே மறைப்பது

வேண்டவே வேண்டாம். முன்பு விசா மறுக்கப்பட்டதா என்று படிவத்திலேயே கேள்வி உண்டு. மாதம், ஊர், விசா வகை, பிரிவு எண் போட்டு ஒரு வரியில் எழுதுங்கள். பொய் சொன்னதாக முடிவானால் வாழ்நாள் தடை வரை போகும்.

அண்ணன் அங்கே இருப்பதைச் சொல்லாமல் விடுவது

கேட்டால் சொல்லுங்கள்.

யூடியூப் பதில்

‘சிறந்த ஆசிரியர்கள், ஆராய்ச்சி வசதிகள்’ என்று ஒரே நாளில் நூறு பேர் சொல்லியிருப்பார்கள். உங்கள் பாடத்திட்டத்தில் இரண்டு பாடத்தின் பெயர், அது இங்கே உங்களுக்கு எதற்கு உதவும், அவ்வளவு போதும். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி, தீவனக் கலவைக் கணக்கையும் தான் படிக்கப்போகும் புள்ளியியல் பாடத்தையும் சேர்த்து நான்கு வரி பேசினாள். என்னிடம் பயிற்சிக்கு வந்த முதல் நாளே அப்படிப் பேசினாள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மறுத்த பின் வாதாடுவது

மேல்முறையீடு கிடையாது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

அந்தியூர்ப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கும் இரண்டாவது படிவத்தில் பெரியப்பா பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது மறுபடி அப்பா பெயர் வருகிறது. “நடுவில் ஏன் மாற்றினாய் என்று கேட்டால் என்ன சொல்வதுங்கண்ணா?” என்றான். கேட்கத்தான் செய்வார்கள். மற்றவர் சொன்னதைக் கேட்டு மாற்றினேன், அது தவறு, செலவு செய்வது என் அப்பாதான் என்று நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

அப்புறம், அப்பாவுக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்டேன். யோசித்தான். போன வருடம் மஞ்சள் என்ன விலைக்குப் போனது? தெரியவில்லை. அடுத்த ஏலத்துக்கு அப்பாவோடு மூட்டை ஏற்றிக்கொண்டு போய், சீட்டு கையில் வாங்கும்வரை கூடவே இருந்துவிட்டு வா, அதற்குப் பிறகு ஸ்லாட் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.